இருநூற்றுப் பதினொன்றாம் தொகுதியின் ஒன்றரை நிமிடம்

1

இந்தக் கதை ஒரு தவறிலிருந்து வந்தது. தவறு என்னுடையது. பாதி என்னுடையது என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் மீதிப் பாதிக்கு உரியவர் இன்னும் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்கிறார். அதனால் இப்போதைக்கு முழுதையும் நானே வைத்துக்கொள்கிறேன்.

நான் சட்டமன்றத்தில் சுருக்கெழுத்தர். முப்பத்தோரு வருடமாக மற்றவர்கள் பேசியதை எழுதுகிறேன். சொந்தமாக எழுதியது விடுப்புக் கடிதம் மட்டும்தான், அதிலும் காரணம் எப்போதும் காய்ச்சல். ஆகவே ஒரு கதையை எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்றையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன், பாருங்கள்.

முதல் தடவை: "பேரவை மண்டபத்தில் வரலாற்றுச் சிறப்புமிக்க அமைதி நிலவி—"

இங்கேயே நிறுத்திவிட்டேன். எங்கள் மண்டபத்தில் அமைதி நிலவினால் எல்லோரும் சாப்பிடப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இரண்டாவது தடவை: "அவருடைய கண்களில் ஓர் அணைக்கட்டின் தண்ணீர் முழுதும்—"

இதுவும் வேண்டாம். ஆளின் கண்ணைப் பார்த்து எழுதும் பழக்கம் எனக்கில்லை. ஏன் இல்லை என்பது அடுத்த பகுதியில் வரும்.

மூன்றாவது தடவை, அன்றைய தாள்களில் இருந்தபடியே:

பேரவைத் தலைவர்: இருநூற்றுப் பதினொன்றாம் தொகுதி உறுப்பினர் பேசலாம்.

பேரவைத் தலைவர்: உணவு இடைவேளைக்காக அவை ஒத்திவைக்கப்படுகிறது.

இது சரி. இந்த இரண்டு வரிக்கும் நடுவில் ஒன்றரை நிமிடம் இருக்கிறது. முதல் வரி என் தாளின் கடைசி வரி. இரண்டாவது, பக்கத்து நாற்காலிக்காரருடைய தாளின் முதல் வரி. நடுவில் ஒரு மனிதர் எழுந்து பேசினார், ஓர் அமைச்சர் பதில் சொன்னார். இரண்டும் எங்கேயும் பதிவாகவில்லை. தாள்கள் இப்படியே அச்சுக்குப் போனால், நாளைக்குப் படிக்கிறவர்கள் ஒன்றுதான் புரிந்துகொள்வார்கள்: அந்த உறுப்பினரைப் பேசச் சொன்னார்கள், அவர் வாயைத் திறக்கவில்லை, எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

2

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் தவறு எங்கே நடந்தது என்று தெரியாது.

பேரவைத் தலைவரின் மேடைக்குக் கீழே ஒரு நீள மேசை. அதில் இரண்டு நாற்காலிகள் எங்களுக்கு. ஒருவர் ஐந்து நிமிடம் எழுத வேண்டும். பிறகு எழுந்து மூன்றாம் மாடி அறைக்குப் போய், எழுதியதைத் தட்டச்சு செய்து, அந்த ஐந்து நிமிடத்தைத் தாளாக்கி வைக்க வேண்டும். அதற்குள் அடுத்தவர் மேசையில் இருப்பார். எட்டுப் பேர் இப்படி மாறி மாறிச் சுற்றி வருவோம். மாலை ஆறு மணிக்கு எல்லாத் தாளையும் அடுக்கி ஒரே கட்டாகக் கட்டினால் அன்றைய அவைக் குறிப்பு தயார்.

ஆள் மாறும் இடம்தான் ஆபத்தான இடம். அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறோம். வந்து உட்காருகிறவர் மேசையை விரலால் ஒரு தட்டு தட்டுவார். வந்துவிட்டேன் என்று பொருள். எழுத ஆரம்பித்ததும் இரண்டாவது தட்டு தட்டுவார். அதைக் கேட்ட பிறகுதான் முன்னவர் பென்சிலை எடுக்கலாம். அதுவரை இருவரும் ஒரே பேச்சை எழுதிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, கூடுதலாக இருப்பதை அடித்துவிடலாம். குறைவாக இருப்பதை எங்கே போய்த் தேடுவது?

இன்னொரு விதி, தலையைத் தூக்கக் கூடாது. பேசுகிறவர் முகத்தைப் பார்த்தால் அவர் என்ன சொல்ல வருகிறார் என்பது நமக்குப் புரிந்துவிடும். புரிந்துவிட்டால் கை, அவர் சொன்னதை விட்டுவிட்டு நமக்குப் புரிந்ததை எழுத ஆரம்பித்துவிடும். அதனால் நாங்கள் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பட்டியல் இருக்கும். இருநூற்றுப் பதினொரு வரி, தொகுதி எண், தொகுதியின் பெயர், உறுப்பினர் பெயர், இருக்கை எண்.

(எங்கள் அறையில் உறுப்பினர்களுக்குப் பெயரே கிடையாது. "எண்பத்தேழுக்குத் தொண்டை கட்டியிருக்கு", "நூத்திநாலு இன்னைக்கு வெளிநடப்பாம், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்" என்று எண்ணை வைத்தே பேசிக்கொள்வோம். அவமரியாதை ஒன்றும் இல்லை. ஆள் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாறலாம், எண் மாறாது. மாறாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.)

என் பக்கத்து நாற்காலிக்காரரைக் கமா என்று கூப்பிடுவோம். யார் மூச்சு விட்டாலும் அந்த இடத்தில் ஒரு கமா போட்டுவிடுவார். என்னைவிட இரண்டு வயது சின்னவர், என்னை அக்கா என்பார். பதினெட்டு வருடமாக என் தாள் முடியும் இடத்தில்தான் அவர் தாள் ஆரம்பிக்கிறது. நல்ல மனிதர். இதை அவர் எழுதச் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன்.

3

இனி உறுப்பினர்.

இருநூற்றுப் பதினொன்று வரைபடத்தின் கடைசி மூலையில் இருக்கும் தொகுதி. நடுவில் ஒரு அணையின் நீர்த்தேக்கம். தண்ணீருக்கு இந்தப் பக்கம் கடைவீதி, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கின்றன. அந்தப் பக்கம் மூன்று ஊர்கள். இரண்டுக்கும் நடுவே அரசாங்கப் படகு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஆறு வருடத்துக்கு முன் அது ஓட்டத் தகுதியில்லை என்று எழுதி இழுத்துக்கொண்டு போனார்கள். புதுப் படகு வரும் என்றார்கள். வரவில்லை. இப்போது அந்தப் பக்கத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வர வேண்டுமானால் தண்ணீரைச் சுற்றி நாற்பத்தொரு கிலோமீட்டர் பஸ்ஸில் வர வேண்டும்.

அந்தப் படகை ஓட்டியவர்தான் இவர். படகைப் பிடுங்கிய பிறகு சும்மா உட்கார்ந்திருந்தவரை அந்த மூன்று ஊரும் சேர்ந்து தேர்தலில் நிறுத்திவிட்டது. இந்தப் பக்கத்து ஓட்டு இரண்டாகப் பிரிந்து கிடந்ததால் ஜெயித்தும் விட்டார். எந்தக் கட்சியும் இல்லை. கடைசி வரிசை, சுவரோர இருக்கை.

முதல் நாள் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொள்ள வந்தார். அச்சடித்த அட்டையைக் கையில் கொடுத்தார்கள். அதில் முதல் வரியில் அடைப்புக்குறிக்குள் "உறுப்பினர் பெயர்" என்று இருக்கும், அந்த இடத்தில் அவரவர் பெயரைச் சொல்ல வேண்டும். இவர் அட்டையில் இருந்ததை அப்படியே படித்தார். "உறுப்பினர் பெயர் ஆகிய நான்" என்று கணீரென்று சொன்னார். அவை சிரித்தது. அது என் முறை. நான் சிரிப்பு என்று அடைப்புக்குறிக்குள் எழுதினேன். எங்கள் விதிப்படி அதை எழுதித்தான் ஆக வேண்டும்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நான்கு வருடம் பத்து மாதம். பத்திரிகைக்காரர்கள் வாய்ப்பூட்டு என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் எங்கள் அறைக்கும் வந்தது.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இப்படி ஒரு பாத்திரத்தை நீங்கள் நம்புவீர்களா? ஐந்து வருடம் ஒருவர் பேசாமல் இருப்பாரா என்று கேட்பீர்கள். தாராளமாக இருப்பார்கள். அந்த அவையில் ஒரு தடவைகூடப் பேசாதவர்கள் ஒன்பது பேர், நான் எண்ணியிருக்கிறேன். அதில் எட்டுப் பேர் மேசையைத் தட்டுவதோடு சரி. இவர் அதுவும் செய்ததில்லை. ஆனால் ஒரு நாள் தவறாமல் வந்தார். முதல் மணி அடிக்கும்போது உள்ளே இருப்பார், கடைசி மணிக்குப் பிறகுதான் எழுந்திருப்பார்.

என் வீட்டுக்காரர் பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளர். இந்தப் பகுதியைப் படித்துவிட்டு, "கதாநாயகன் பேசவே மாட்டேங்கிறான், வண்டி எப்பக் கிளம்பும்?" என்று கேட்டார். இதோ கிளம்புகிறது.

தொகுதிகளின் எல்லையைத் திருத்தி புது வரைபடம் போட்டார்கள். அதில் இருநூற்றுப் பதினொன்று இல்லை. பக்கத்துத் தொகுதிகள் மூன்றுக்கும் ஆளுக்கொரு துண்டாகப் பங்கு போட்டுவிட்டார்கள். அக்கரையில் இருந்த மூன்று ஊரும் ஒன்றுக்கு ஒன்றாக மூன்று தொகுதிக்குப் போயின. அடுத்த தேர்தலில் பட்டியல் இருநூற்றுப் பத்தோடு முடிந்துவிடும். அந்தக் கூட்டத்தொடர்தான் அவருக்குக் கடைசி. அவருடைய தொகுதிக்கும் கடைசி.

4

சம்பவத்தை விதிப்படி, பெயரடை இல்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

மதியம் ஒன்று இருபது. எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்திருந்தது. பத்திரிகையாளர் மாடத்தில் ஆள் இல்லை, எல்லோரும் உணவகத்தில். அவையில் முப்பது பேர் இருந்தால் அதிகம். என் ஐந்து நிமிடம் முடியப் போகிறது. கமா வந்து உட்கார்ந்தார். ஒரு தட்டு தட்டினார். அப்போது பேரவைத் தலைவர், இருநூற்றுப் பதினொன்றாம் தொகுதி உறுப்பினர் பேசலாம் என்றார்.

நான் அதை எழுதினேன். எழுதிய பிறகுதான் என்ன எழுதினேன் என்பது உறைத்தது.

தலையைத் தூக்கிவிட்டேன். முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவை. கமாவும் தூக்கியிருந்தார். கடைசி வரிசையில், சுவரோரத்தில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். கையில் மடித்த காகிதம். ஒலிவாங்கி வேலை செய்யவில்லை. அவர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, அது போகட்டும் என்று விட்டுவிட்டு, படகில் நின்று கரைக்குக் கூப்பிடுகிற குரலில் பேச ஆரம்பித்தார்.

(ஒலிவாங்கி ஏன் வேலை செய்யவில்லை? ஒலிப்பலகைக்காரரை நாங்கள் கரண்ட் என்போம். தினக்கூலி ஆள். போன வருடம் எண்பத்தேழாம் தொகுதிக்காரர் ஆவேசத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துத் திருகி அதன் உள்பாகத்தை உடைத்துவிட்டார். கிடங்கில் மாற்றுப் பாகம் இல்லை. எப்படியும் பேசாதவருடையதுதானே என்று கரண்ட், சுவரோர இருக்கையிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றி அங்கே மாட்டிவிட்டார். அன்றைக்குப் பலகையில் அந்த இருக்கையின் விளக்கு எரியாததைப் பார்த்துப் பதறிப்போய், பலகை மொத்தத்தையும் அணைத்துப் போட்டார். திரும்ப உயிர் வர ஒன்றரை நிமிடம். ஒலிநாடாவில் அந்த நேரத்துக்கு வெறும் இரைச்சல்தான் இருக்கிறது.)

நான் இரண்டாவது தட்டைக் கேட்கவில்லை. விதிப்படி நான் எழுதிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். கமாவோ, தான் இன்னும் இரண்டாவது தட்டைத் தட்டவில்லை, ஆகவே அக்கா எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பேசி முடித்தார். நீர்வளத்துறை அமைச்சர் பாதி எழுந்து ஒரு வரி பதில் சொன்னார். மூன்று மாதத்துக்குள் படகு விடப்படும் என்று சொன்னார். என் காதில் தெளிவாக விழுந்தது. பிறகு அவை ஒத்திவைக்கப்பட்டது, அந்த வரியைக் கமா எழுதினார். எழுதியபடியே இரண்டாவது தட்டைத் தட்டினார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

5

உறுப்பினர்களுக்கு ஒரு சலுகை உண்டு. பேசிய அன்றைக்கே, ஆறு மணிக்குள், எங்கள் அறைக்கு வந்து தங்கள் பேச்சின் தாளைப் படித்துப் பார்த்து, சொல் பிசகு இருந்தால் திருத்தலாம். பொருளை மாற்றக் கூடாது. அமைச்சர்களுக்கு அவர்கள் அலுவலகத்துக்கே தாள் போகும்.

நான்கு மணிக்கு அவர் வந்தார். கூடவே அவர் மனைவியும். பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து கேட்பதற்காக ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். அறையில் நானும் கமாவும் மட்டும். கமா திடீரென்று ஏதோ கோப்பைத் தேட அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

"நான் பேசினதை ஒரு தடவை படிச்சுப் பார்க்கலாம்னு சொன்னாங்க. இங்கதானே?" என்று கேட்டார் உறுப்பினர்.

"ஒரு காப்பி கிடைக்குமாம்மா? ஊருக்கு எடுத்துட்டுப் போகணும்" என்றார் அந்த அம்மா.

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். இன்னும் தட்டச்சாகவில்லை, அதற்கு முன் ஒரு தடவை சரிபார்ப்பது வழக்கம், பேசியதை அப்படியே மறுபடி சொல்ல முடியுமா என்று கேட்டேன். அப்படி ஒரு வழக்கம் கிடையாது. அவர் உட்காரவில்லை. நின்றபடியே, காகிதத்தைப் பார்க்காமல் சொன்னார். இந்த முறை நான் தலையைத் தூக்கவில்லை. எழுதியது இது:

"ஐயா, எங்க தொகுதியில தண்ணிக்கு அந்தப் பக்கம் மூணு ஊரு இருக்கு. அங்கேருந்து ஆஸ்பத்திரிக்கு நாப்பத்தோரு கிலோமீட்டர். படகுல வந்தா இருபது நிமிஷம். வாரத்துல ரெண்டு நாள் ரத்தம் சுத்தம் பண்ணிக்க பதினாலு பேரு வர்றாங்க. போன வருஷம் பதினேழு பேரு. அந்தப் படகை நான்தான் ஓட்டினேன். தண்ணி இருக்கு, ஓட்டத் தெரிஞ்சவன் இருக்கேன், படகு மட்டும் இல்ல. அடுத்த தடவை எங்களுக்குன்னு ஒரு ஆளு இங்க இருக்க மாட்டாரு. அதனால இன்னைக்கே ஒரு தேதி சொல்லுங்க."

ஒரு நிமிடத்துக்கும் குறைவு. இதைச் சொல்ல நான்கு வருடம் பத்து மாதம் ஆகியிருக்கிறது. கமா அலமாரிக்குள்ளேயே நின்றார்.

அந்த அம்மா, அந்தப் பதினாலு பேரில் தங்கச்சியும் ஒருத்தி, அதைச் சொல்லவே இல்லையே என்று கணவரிடம் கேட்டார். உறுப்பினரின் சொந்தத் தங்கை. செவ்வாயும் வெள்ளியும் விடியுமுன் கிளம்பி, சிகிச்சை முடிந்து, மறுபடி நாற்பத்தொரு கிலோமீட்டர் வாந்தி எடுத்துக்கொண்டே போகிறாளாம். அந்த அம்மாதான் பையைப் பிடித்துக்கொண்டு கூடப் போகிறாராம்.

"அது எதுக்கு இப்போ. அதை எழுதாதீங்கம்மா" என்றார் அவர்.

அவைக் குறிப்பில் நான் அதை எழுதவில்லை. கதையில் எழுதிவிட்டேன். தங்கை வந்தால்தான் படிக்கிறவருக்கு உறைக்கும் என்று கதை எழுதுகிறவளுக்குத் தோன்றுகிறது. எழுதாதீங்க என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னது சுருக்கெழுத்தருக்கு உறுத்துகிறது. எனக்கு இப்போதும் உறுத்துகிறது.

பிறகு அவர், அமைச்சர் சொன்ன பதிலைக் கொஞ்சம் படித்துக் காட்டச் சொன்னார். பேசி முடித்ததும் தனக்குக் காது அடைத்துவிட்டது, ஒன்றும் கேட்கவில்லை என்றார். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். "நான் இவரு வாயையே பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றார் அவர், ஏதோ தப்பு செய்துவிட்டவர் போல.

பதில் தாள் வேறு இடத்துக்குப் போயிருக்கிறது, ஆறு மணிக்கு மேல் காப்பி கிடைக்கும், காத்திருங்கள் என்று அனுப்பி வைத்தேன்.

6

கதவு மூடியதும் கமா அலமாரியிலிருந்து வெளியே வந்தார். அமைச்சர் என்ன சொன்னார் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். நான் சொன்னது: "மூன்று மாதத்துக்குள் படகு விடப்படும்." அவர் சொன்னது: "படகு விடுவது பரிசீலிக்கப்படும்."

இது சின்ன வித்தியாசம் இல்லை. எங்கள் சட்டமன்றத்தில் உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. அமைச்சர்கள் அவையில் கொடுத்த வாக்குகளை அச்சான குறிப்பிலிருந்து பொறுக்கி எடுத்து, செய்தாயா செய்தாயா என்று துறையைத் துளைப்பதுதான் அதன் வேலை. ஆட்சி மாறினாலும், உறுப்பினர் தோற்றாலும், தொகுதியே இல்லாமல் போனாலும் அந்தக் கோப்பு மூடாது, வேலை முடிந்தால்தான் மூடும். ஆனால் தேதி போட்ட வாக்கைத்தான் குழு எடுக்கும். பரிசீலிக்கப்படும் என்பதை அவர்கள் எடுப்பதே இல்லை. அதை எடுத்தால் மாடிப்படி வரை கோப்பு நிற்கும்.

"நான் ரெண்டாவது தட்டு தட்டவே இல்லையேக்கா" என்றார் கமா.

அது உண்மை.

அமைச்சர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். உதவியாளர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். சாப்பாட்டுக்கு முன்னால் அமைச்சர் எதுவும் பேசியதாகத் தங்களுக்குத் தகவல் இல்லை, தாள் ஏதாவது இருந்தால் அனுப்பினால் பார்க்கிறோம் என்றார். இல்லாத ஒன்று இல்லாமலே இருப்பதில் அவர்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

எங்கள் பிரிவுத் தலைவி முழுதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உறுப்பினரின் பேச்சு அவரே வந்து சொன்னது, அதைப் போட்டுவிடலாம், அதில் சிக்கல் இல்லை என்றார். "பதிலை ரெண்டு பேரும் ஒத்துப்போய் ஒண்ணா எழுதிக் குடுங்க. எனக்கு ஆறு மணிக்குக் கட்டு வேணும். இதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க."

கமா தன் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். கடைசியில், நீங்கள் மூத்தவர், எதை எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் என் காதில் விழுந்தது அதுதான் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

7

இங்கே கதைக்கு முடிவு வேண்டும். என்னிடம் மூன்று இருக்கின்றன.

முடிவு ஒன்று. மூன்று மாதம் என்று எழுதுகிறேன். தாள் திருத்தத்துக்காக அமைச்சர் அலுவலகத்துக்குப் போகிறது. அங்கே யாரோ ஓர் அதிகாரி படித்துப் பார்த்து, மூன்று மாதம் நடக்கிற காரியமா என்று முணுமுணுத்துக்கொண்டே மூன்றை அடித்து ஆறு என்று திருத்தி, முத்திரை வைத்து அனுப்பிவிடுகிறார். திருத்தியதாலேயே அது அமைச்சர் சொன்னதாகிவிடுகிறது. உறுதிமொழிக் குழு பிடித்துக்கொள்கிறது. எட்டாவது மாதம் படகு வருகிறது. இது எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. நம்புங்கள், இப்படி நடக்கக்கூடிய கட்டடம்தான் அது.

முடிவு இரண்டு. கமா சொன்னபடி எழுதுகிறேன். இருவரில் ஒருவர் காதில் விழுந்தது, அதனால் நேர்மையாகவும் இருக்கும். உறுப்பினர் காப்பியை வாங்கிப் படிக்கிறார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். தேர்தல் வருகிறது. மூன்று ஊரும் மூன்று உறுப்பினரிடம் போய்க் கேட்கின்றன. அந்தத் தண்ணீர் என் தொகுதியில் இல்லையே என்று மூன்று பேரும் சொல்கிறார்கள். மூன்று பேர் சொல்வதும் ஒரு வகையில் சரி.

முடிவு மூன்று. "ஒலிவாங்கிப் பழுதால் பதில் பதிவாகவில்லை" என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுகிறேன். மூன்றிலும் சுத்தமானது இதுதான். விசாரணை வரும். ஒலிவாங்கியைக் கழற்றியது யார் என்று கேட்பார்கள். கரண்ட் தினக்கூலி, மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டு போதும். எனக்கும் கமாவுக்கும் ஒரு கண்டனக் கடிதம் வரும். அந்தப் பதினாலு பேருக்கு ஒன்றும் வராது.

(வீட்டுக்காரர் மூன்றையும் படித்தார். எது நிஜமாக நடந்தது என்று கேட்டார். இது புனைவு என்றேன். எனக்கு ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, பென்ஷன் வாங்க வேண்டியவள் வேறு என்ன சொல்வேன்?)

நான்காவது முடிவு ஒன்று ஆரம்பித்தேன். அதில் அமைச்சர் திடீரென்று தானே எங்கள் அறைக்கு வந்து

வரவில்லை. அவர் அந்த மாடிக்கே வந்ததில்லை.

8

இப்போது நான் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். சொல் பிசகு இல்லை, பொருளே மாறும். எங்கள் விதிப்படி இது அனுமதிக்கப்பட்டதல்ல.

நான்காம் பகுதியில், அமைச்சர் மூன்று மாதம் என்று சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது என்று எழுதினேன். விழவில்லை. அமைச்சர் பேசியபோதும் நான் கடைசி வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உறுப்பினர் பேசி முடித்தும் உட்கார மறந்து நின்றுகொண்டிருந்தார். மேல் சட்டையின் முதல் பித்தானைப் போட்டுக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். அமைச்சர் சொன்ன ஒரு சொல்கூட எனக்குத் தெரியாது. பதில் காதில் விழுந்தது கமாவுக்கு மட்டும்தான்.

ஐந்தாம் பகுதியிலும் ஒரு வரியை விட்டுவிட்டேன். அறையை விட்டுப் போகும்போது அவர் கதவருகே நின்று, அமைச்சர் சொன்னது ஞாபகத்தில் இருக்கா, படகு வருமா என்று என்னிடம் கேட்டார். அந்தக் கட்டடத்தில் முப்பத்தோரு வருடத்தில் என்னிடம் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. அங்கே கேள்வி எல்லாம் என் தலைக்கு மேலே போகும், நான் எழுதிக்கொள்வேன். அந்த அம்மாவும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரும். மூணு மாசத்துல" என்று சொல்லிவிட்டேன்.

ஆக, மூன்று மாதம் என்பது என் வாயிலிருந்து வந்தது. அமைச்சர் வாக்குக் கொடுத்தாரா என்பது எனக்குத் தெரியாது. நான் கொடுத்தேன். எந்தத் தொகுதியும் தேர்ந்தெடுக்காதவள், பட்டியலில் இல்லாதவள். கமாவிடம் சண்டை போட்டதுகூட அதைக் காப்பாற்றத்தான்.

ஐந்து முப்பதுக்குத் தண்ணீர் பிடிக்க வெளியே வந்தேன். கீழே படிக்கட்டில் அவர்கள் இருவரும் காப்பிக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தார். நாத்தனாரிடம்தான், குரலிலேயே தெரிந்தது. அவரை எழுப்பிவிடாமல் மெதுவாகப் பேசினார். ஆனாலும் எனக்கு எல்லாம் கேட்டது.

"அழாதடி. வருதாம். மூணே மாசம்தான், பல்லைக் கடிச்சுக்கோ. சும்மா சொல்லலடி, எழுதி வெச்சுட்டாங்களாம்."

செம்பை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். மணி ஐந்து நாற்பது. தாளில் அமைச்சர் என்று எழுதி இரண்டு புள்ளி வைத்திருக்கிறேன், அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. இதற்கு மேல் என்ன எழுதினேன் என்று உங்களிடம் சொல்லப்போவதில்லை. எழுதும் முறை இனி உங்களுடையது, ஆறு மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது.